பயிற்சிக்கு ஒரு மலிவுக் கழுத்து

மயக்க மருந்து கொடுக்கப்பட்ட நோயாளிக்கு வாய்வழியே சுவாசக் குழாயைச் செலுத்த முடியாமல், முகமூடியின் மூலமும் பிராணவாயு உள்ளே போகாமல் நின்றுவிட்டால், கழுத்தின் முன்புறத்தைக் கீறி மூச்சுக்குழாய்க்கு நேர்வழி திறப்பதைத் தவிர வேறு போக்கில்லை. பிரிட்டனில் 2011இல் வெளிவந்த தேசியத் தணிக்கை அறிக்கை, மயக்க மருந்து பெறும் ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு இந்நிலை நேரலாம் என்று கணக்கிட்டது. அவசரப் பிரிவில் அதைவிட அடிக்கடி நேரும் என்றாலும், ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதும் இதை ஒருமுறைகூடச் செய்யாமலே ஓய்வுபெறக்கூடும். செய்ய நேர்ந்தாலோ, சில நிமிடங்களுக்குள் முடித்தாக வேண்டும். அதனால் பயிற்சி ஒன்றுதான் வழி.

சிங்கப்பூரில் தாதியாகப் பணியாற்றும் நான், பயிற்சி வகுப்புகளுக்கு மாதிரிக் கழுத்துகளைச் செய்து கொடுக்கிறேன். கடையில் விற்கும் பொம்மைகள் பார்வைக்கு அச்சு அசல் மனிதர்களைப் போலவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கீறலுக்குப் பின்னும் மாற்றவேண்டிய தோலின் விலையைப் பார்த்ததும், ஆளுக்கு ஒரு முறை போதும் என்று ஒருங்கிணைப்பாளர் சொல்லிவிடுவார். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பொம்மையில் பழகிய மயக்கவியல் மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐந்தாம் முயற்சிக்குள் 40 விநாடிகளில் இதை முடிக்கும் நிலையை எட்டினார்கள். ஆகவே, அழகான கழுத்தில் ஒரு கீறலைவிட அவலட்சணமான கழுத்தில் ஐந்து கீறல்கள் மேல் என்பது என் துணிபு. கழுத்து கண்ணுக்குக் கழுத்தாகத் தெரியவேண்டியதில்லை. விரலுக்கும் கத்திக்கும் தெரிந்தால் போதும்.

பன்றியின் குரல்வளையைப் பயன்படுத்துவது பல நாடுகளில் வழக்கம். கைக்கு அது உண்மைக்கு மிக அருகில் இருக்கும். இங்கே அது எளிதன்று. இந்தோனேசியாவின் பூலாவ் பூலான் தீவிலிருந்து உயிருடன் வந்துகொண்டிருந்த பன்றிகளும், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டதால் 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டன. அதைவிடப் பெரிய தடை வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது. "கையுறை போட்டுக்கிட்டாலும் மனசு ஒப்பலை அக்கா," என்று இளைய முஸ்லிம் தாதி ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார். பாதிப் பேர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும் பயிற்சியை நடத்துவதில் பொருளில்லை.

எனவே என் குரல்வளை பிளாஸ்டிக்கால் ஆனது. பொது நூலகங்களின் மேக்இட் கூடங்களிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் இருக்கின்றன என்பதால், தொண்டை மேடாகத் தெரியும் தைராய்டு குருத்தெலும்பையும் அதன் கீழுள்ள கிரிக்காய்டு வளையத்தையும் அச்சிட்டுக்கொள்வது இன்று பெரிய காரியமில்லை. கவனிக்கவேண்டியது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள, கத்தி இறங்கும் இடமான இடைவெளியை. பெரியவர்களுக்கு அதன் உயரம் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர்தான். அதைத் தாராளமாக விட்டுவிட்டால் எல்லாரும் முதல் முயற்சியிலேயே தேறிவிடுவார்கள், யாரும் எதையும் கற்றிருக்க மாட்டார்கள். பெண்களுக்கு இது இன்னும் சிறியது, தொண்டை மேடும் புடைத்துத் தெரியாது என்பதால், சற்றுச் சுருக்கிய இன்னொரு குரல்வளையையும் அச்சிட்டு, எது எது என்று சொல்லாமல் மேசையில் வைப்பேன்.

இடைவெளியை மூடும் சவ்வுக்கு மின்கம்பியில் சுற்றும் நாடா ஒத்துவராது. அது இழுபடுமே தவிர, கத்தி உள்ளே இறங்கும்போது படக்கென்று விடுபடும் உணர்வைத் தராது. கட்டுப்போடப் பயன்படும் பட்டுநாடாவை இரண்டு அடுக்காக இழுத்து ஒட்டினால் அந்த உணர்வு கிடைக்கிறது. மூச்சுக்குழாய்க்குக் காலாவதியான சுவாசக் கருவிக் குழாய் போதும். அதன் மடிப்புகளில் பூஜி என்னும் வளைகம்பியின் முனை தட்டித் தட்டிச் செல்வதை விரல் உணர்ந்துகொள்ளும். குழாயின் பின்சுவரில் உள்ளே ஒரு வண்ணத்தாள் துண்டை ஒட்டிவைப்பேன். பயிற்சி முடிந்து பிரித்துப் பார்க்கையில் தாள் கிழிந்திருந்தால், உண்மையில் கத்தி உணவுக்குழாய் வரை போயிருக்கும் என்று பொருள். கீழ்முனையில் ஒரு கையுறையைக் கட்டிவிட்டால், குழாய் சரியான இடத்தில் இருக்கும்போது மட்டும் ஐந்து விரல்களும் உப்பி எழும். பஞ்சுக்குள் வழிதவறிப் போயிருந்தால் அசையாது.

தோலுக்கு டைசோ கடையில் கிடைக்கும் நுரைத்தாள், கொழுப்புக்குப் பாத்திரம் துலக்கும் பஞ்சு. பஞ்சை இரண்டு மூன்றாக அடுக்கினால் பருத்த கழுத்து தயார். அங்கே எவ்வளவு அழுத்தினாலும் குருத்தெலும்பு தட்டுப்படாது என்பதால், முதலில் நடுக்கோட்டில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை நெடுக்காகக் கீறி, விரலால் விலக்கித் தேட வேண்டும். கீறியதும் சிவப்பு நீர் பெருகினால் கண்ணுக்கு வேலையில்லை, விரலை நம்பியே ஆகவேண்டும். பண்டுங் பானம் கலக்கும் ரோஸ் சிரப்பில் சோளமாவு கரைத்தால் நிறமும் அடர்த்தியும் அருமையாக வரும். எறும்பு மொய்ப்பதுதான் தொல்லை. சாயம் கலந்த தண்ணீரே உத்தமம்.

கத்திக்குப் பதிலாக மெல்லிய ஊசிக்குழலைச் செலுத்தும் முறை, மேற்சொன்ன தணிக்கையில் சுமார் 60 விழுக்காடு தோல்வியடைந்தது. பிரிட்டனின் கடினச் சுவாசவழிச் சங்கம் 2015இல் வகுத்த நெறிமுறை, 10ஆம் எண் கத்தியால் சவ்வைக் குறுக்காகக் குத்தி, கூர்முனை கால்பக்கம் பார்க்கும்படி 90 பாகை திருப்பி, கத்தியை ஒட்டிப் பூஜியைச் செலுத்தி, அதன்மேல் 6 மில்லிமீட்டர் குழாயை ஏற்றச் சொன்னது. நாங்கள் பழகுவதும் இதையே. கத்தி உண்மையானது என்பதால், குரல்வளையைப் பிடிக்கும் கைக்கு வெட்டுப்படாத உறையும், மேசையோரத்தில் கூர்பொருள் தொட்டியும் கட்டாயம். காலாவதிப் பொருள்கள் அனைத்திலும் "பயிற்சிக்கு மட்டும்" என்று தடித்த எழுத்தில் எழுதி, தனிப் பெட்டியில் பூட்டிவைக்கிறேன். அவற்றில் ஒன்று தவறி வார்டுக்குப் போய்விட்டால், மிச்சம் பிடித்த பணமெல்லாம் வீண்.

இப்போது வகுப்பில் கத்தியை உடனே கையில் கொடுப்பதில்லை. "குழாய் போகவில்லை, காற்றும் போகவில்லை, கழுத்தைத் திறக்கிறோம்," என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்ன பிறகே தட்டு நகரும். தாமதம் பெரும்பாலும் கையில் அன்று, அந்த வாக்கியத்தைச் சொல்வதில்தான் ஏற்படுகிறது. மருத்துவர் தயங்கும் நேரத்தில் கத்தி, பூஜி, குழாய் மூன்றையும் அதே வரிசையில் எடுத்து வைத்து, "டாக்டர், எல்லாம் தயார்," என்று சொல்லும் பொறுப்பைத் தாதியருக்குக் கொடுத்திருக்கிறோம்.