காலையில் கனடா, மத்தியானம் மலை ரயில், சாயங்காலம் ஏழாம் வகுப்பு

காலை ஐந்தரைக்குக் குன்னூரில் ஜன்னலுக்கு வெளியே எதுவும் தெரியாது, மேகம் கண்ணாடி வரை வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஸ்வெட்டர், குல்லா, பக்கத்தில் ஒரு டம்ளர் டீ என்று லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருப்பேன். திரையில் கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு நர்ஸ். ஏழு மணி டியூட்டிக்குக் கிளம்புவதற்கு முன்னால் அவருக்குக் கிடைப்பது இந்த ஒரு மணி நேரம்தான். குடும்பத்தோடு கனடா போக வேண்டும் என்று என்னிடம் பிரெஞ்சு படிக்கிறார். டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலையை ஏற்கெனவே முடித்தவர். டெல்ஃப் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும், ஆனால் கனடா மத்திய அரசின் குடியேற்ற விண்ணப்பத்தில் அதைக் காட்ட முடியாது. டெஃப் கனடா அல்லது டிசிஎஃப் கனடா என்ற வேறு தேர்வை எழுதியாக வேண்டும், அந்த மதிப்பெண்ணும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். இதை யாரும் அவருக்கு முதலிலேயே சொல்லவில்லை. அதிலிருந்து, புதிதாக யார் வந்தாலும் எந்த அளவு தெரியும் என்று கேட்பதற்கு முன்னால் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.

டெஃப் கனடா பேச்சுத் தேர்வு பதினைந்து நிமிடம். முதல் ஐந்து நிமிடம், ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போன் செய்து விவரம் கேட்பது போல. அடுத்த பத்து நிமிடம், நண்பர் ஒருவரை ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைப்பது போல. முதலாவதில் 'வூ', இரண்டாவதில் 'த்யூ'. இவர் இரண்டையும் கலந்து கலந்து பேசிக்கொண்டிருந்தார். நானும் வாரக்கணக்கில் ஆங்கிலத்தில் விளக்கிப் பார்த்தேன், மரியாதையான 'யூ', சாதாரண 'யூ' என்று. ஒரு நாள் அலுத்துப்போய்த் தமிழுக்கு மாறினேன். "முதல் பகுதியில போன எடுக்கிறவங்க உங்க ஹெட் நர்ஸ்னு வச்சுக்கங்க, ரெண்டாவதுல உங்க தங்கச்சி" என்றேன். "அட, நீங்க, நீ, அவ்வளவுதானே மேடம்!" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தத் தவறைச் செய்யவே இல்லை.

அன்றைக்கு எனக்கு ரொம்ப உறைத்தது. தமிழ் பேசுகிறவர்களுக்கு இத்தனை வருடமாக நான் ஆங்கிலத்தின் வழியாகவே பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன், எனக்கு அப்படிக் கற்றுக்கொடுத்தார்கள் என்ற ஒரே காரணத்துக்காக. நீ, நீங்கள் இரண்டையும் பேசத் தொடங்கிய நாளிலிருந்தே வைத்திருக்கிற ஒருவரை, இரண்டுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழி வழியாகச் சுற்றிக் கூட்டிப்போவது எதற்கு? நம் வழக்கம் அப்படியே பொருந்தாத இடங்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுவேன். நம் வீடுகள் பலவற்றில் அம்மாவுக்கு நீ, அப்பாவுக்கு நீங்கள். பிரான்சில் இன்று பெரும்பாலான வீடுகளில் அம்மா, அப்பா, பாட்டி எல்லோருக்குமே 'த்யூ'தான்.

ஒலியும் அப்படித்தான். பிரெஞ்சில் ப, த, க மூன்றையும் மூச்சை ஊதாமல் சொல்ல வேண்டும், நாம் தமிழில் சொல்வது போலவே. இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இங்கிலீஷ் பாணியில் ஊதிப் பழகியிருப்பார்கள். வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பாப்பா' என்று சொல்லச் சொல்வேன், காகிதம் அசையக் கூடாது. மலைக்குப் பிரெஞ்சில் 'மொந்தாஞ்', கடைசியில் வருவது நம் 'ஞ்'. தொண்ணூறுக்கு நான்கு இருபதும் ஒரு பத்தும் என்று சொல்கிறார்களே, இது என்ன கணக்கு என்று பிள்ளைகள் முகத்தைச் சுளித்தால், நூறே வராத தொண்ணூறுக்குள் 'நூறு' எப்படி வந்தது என்று திருப்பிக் கேட்பேன். கொஞ்ச நேரம் அமைதியாகிவிடுவார்கள்.

தமிழ் கைகொடுக்காத இடம், பொருள்களுக்கு ஆண்பால் பெண்பால். சூரியன் ஆண், நிலா பெண் என்றால் ஒத்துக்கொள்கிறார்கள், மேஜை ஏன் பெண் என்றால் என்னிடம் பதில் இல்லை. முன்னால் ஆண்பாலுக்கு 'ல', பெண்பாலுக்கு 'லா' எழுதாமல் ஒரு பெயர்ச்சொல்லையும் நோட்டில் எழுத விடமாட்டேன், அது ஒன்றுதான் வழி.

சரி, பிள்ளைகள். நான்கு மணிக்கு மேல் வீட்டுக்கு வந்து படிக்கிறவர்கள் ஆறு பேர். வீட்டில் படுகு, தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று ஏற்கெனவே மூன்று மொழி வைத்திருக்கிற பிள்ளைகளும் அதில் உண்டு, நான்காவது அவர்களுக்குப் பெரிய சுமையாகத் தெரிவதில்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், தாத்தாவுக்குக் கேத்திப் பக்கம் கொஞ்சம் தேயிலை. அவனுக்காக ஒரு பக்கம் எழுதினேன். 1830களில் கேத்தி அரசுப் பண்ணையில் வைத்துக் கவனிப்பார் இல்லாமல் கிடந்த தேயிலைச் செடிகளைப் பார்த்து, இந்த மண்ணில் இது நன்றாக வரும் என்று எடுத்துச் சொன்னவர் புதுச்சேரியிலிருந்து வந்த பெரோத்தே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். பிரெஞ்சில் டீக்குத் 'தே', நம் தேயிலையில் இருக்கும் அதே தே, இரண்டும் ஒரே சீனச் சொல்லிலிருந்து வந்தவை. பையன் அந்தப் பக்கத்தைத் தாத்தாவிடம் எடுத்துப்போய்ப் படித்துக்காட்டித் தமிழில் சொல்லியிருக்கிறான். நான் எழுதிய பாடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

மார்க் அள்ளலாம், தமிழ் எழுதாமல் தப்பிக்கலாம் என்று பிரெஞ்சுக்கு அனுப்பும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் நேராகவே சொல்லிவிடுகிறேன், தமிழில் நான்கு வரி எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பிரெஞ்சு வினைச்சொல் சீக்கிரம் பிடிபடும் என்று. வந்தேன், வந்தாய், வந்தோம் என்று ஆளுக்கேற்ப முடிவு மாறுவது அந்தப் பிள்ளைக்குப் புதிது இல்லையே.

காசு விஷயம் சுருக்கமாக. மாதச் சம்பளம் கிடையாது, பி.எஃப். கிடையாது. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது, ஜூன், ஜூலையில் மழைக்கு கரண்ட் போய், நெட் போய், வகுப்பு பாதியில் நிற்கும். சில சாயங்காலம் பாதையில் காட்டெருமை நின்றுகொண்டிருக்கிறது, பிள்ளையை அனுப்ப முடியவில்லை என்று போன் வரும், அதற்கெல்லாம் நான் காசு கேட்பதில்லை. ஒரு விடுதியில் வரவேற்பு ஊழியர்களுக்கு ஒரு மாதம் வகுப்பு எடுத்தேன், பாதிப் பணம்தான் வந்தது, மீதிக்கு இரண்டு வருடம் நடந்து விட்டுவிட்டேன். இப்போது பத்து மணி நேரத்துக்கு முன்பணம், அப்புறம்தான் பாடம். இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் இதை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள், கூச்சப்படாதீர்கள்.

மத்தியான வகுப்பு ஒரு டிரைவர் தம்பிக்கு. சொந்த வண்டி வைத்து ஊட்டி, குன்னூர் சுற்றிக்காட்டுகிறார், பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் நாலு வார்த்தை அவர்கள் மொழியில் பேச வேண்டும் என்று ஆசை. எழுத்து வேண்டாம், பேச்சு மட்டும் போதும் என்றார். அதனால் நாங்கள் வகுப்பை வைத்துக்கொள்வது குன்னூர் ஸ்டேஷன் பக்கத்தில். மலை ரயிலைப் பற்றிப் பேசினால் 46 கிலோமீட்டர், 16 குகை, 250 பாலம் எல்லாம் எண் பயிற்சியாகிவிடும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல் வைத்த தண்டவாளம் ஒன்று ஓடுகிறதே, அதற்குப் பிரெஞ்சில் 'க்ரெமையேர்'. பழைய காலத்தில் அடுப்புக்கு மேலே சட்டியை ஏற்றி இறக்கித் தொங்கவிட வைத்திருந்த பல் வைத்த இரும்புக்கும் அதே பெயர். புது வீட்டுக்குக் குடிபோய் நண்பர்களுக்கு விருந்து வைப்பதை இன்றும் 'க்ரெமையேரைத் தொங்கவிடுவது' என்றுதான் சொல்கிறார்கள்.

"நாம பால் காய்ச்சற மாதிரியாக்கா?" என்றார் தம்பி. அதேதான். எனக்கு அது தோன்றவே இல்லை.

போன வாரம் ரயிலுக்கு வந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் இதையே சொல்லியிருக்கிறார், தண்டவாளத்தைக் காட்டி, க்ரெமையேர், எங்கள் ஊரில் பால் என்று. ராத்திரி போன் செய்தார். "அக்கா, அந்தப் பாட்டிம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு அவங்க அம்மா வீட்டு அடுப்பைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. பாதிதான் புரிஞ்சுது."

நாளைக்கு எங்கள் பாடம் அந்த மீதிப் பாதி. விறகு, சட்டி, கரி, சாம்பல், அம்மாவின் கை.