பூச்சியத்துக்கு அங்காலும் இங்காலும்: ஸ்காபரோ பனிக்கால நாட்குறிப்பு

நவம்பர் 15

பகல் 6 பாகை செல்சியஸ், இரவு மைனஸ் 1. நிலம் இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. பூட்ஸ் வாங்க இதுதான் நேரம். முதல் ஸ்னோ கொட்டிய பிறகு கடைக்குப் போனால் உங்கள் அளவு இருக்காது.

கடையில் பூட்ஸுக்குள் கையை விட்டுக் கம்பளியைத் தடவிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். சூடு வேறு, பிடிமானம் வேறு. 'மைனஸ் 40 வரை' என்று பெட்டியில் எழுதியிருப்பது காலின் குளிருக்கு மட்டும். வழுக்குமா என்பதற்கு அதில் பதில் இல்லை. ஆழமாக வெட்டிய பள்ளங்கள் புது ஸ்னோவில் நன்றாகக் கடிக்கும். ஈர ஐஸில் அவை கடிக்க மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. அங்கே உதவுவது குளிரிலும் மென்மையாக இருக்கும் ரப்பரும், அதற்குள் கலந்திருக்கும் சொரசொரப்பான துகள்களும்தான். ஆர்க்டிக் கிரிப், கிரீன் டயமண்ட் என்று விற்கும் அடிகள் அந்த வகை.

ரொறன்ரோவில் உள்ள கைற் ஆராய்ச்சி நிலையம் இதற்கென்றே ஓர் ஐஸ் அறை வைத்திருக்கிறது. அறை முழுவதும் சரியும். இடுப்பில் பாதுகாப்புப் பட்டி கட்டிய ஆட்கள் அதில் ஏறி இறங்குவார்கள். 7 பாகைச் சரிவில் வழுக்காவிட்டால் பூட்ஸுக்கு ஒரு பனித்துகள் சின்னம், 11 பாகைக்கு இரண்டு, 15 பாகைக்கு மூன்று. நடைபாதையிலிருந்து தெருவுக்கு இறங்கும் குட்டைச் சரிவு ஏறத்தாழ அந்த 7 பாகை வரை வரும். 2016இல் முதலில் வெளியிட்ட முடிவுகளில் 98 வகைகளில் தேறியவை நூற்றுக்கு 8 மட்டுமே. 'ரேட் மை ட்ரெட்ஸ்' என்று தேடினால் பட்டியல் கிடைக்கும்.

பூட்ஸுக்கு மேல் மாட்டும், இரும்பு முள் வைத்த ஐஸ் கிளீற்ஸ் நல்லவைதான், ஆனால் வெளியில் மட்டும். அதே இரும்பு முள் கடையின் மாபிள் தரையிலும் சப்வே நிலையத்திலும் ஐஸை விட மோசமாக வழுக்கும். கழற்ற முடியாத முதியவருக்கு, குதிக்கடியில் மடித்துவிடக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

நவம்பர் 30

வானிலை அறிக்கை 2 பாகை என்றது. காலையில் மரப்படியெல்லாம் வெள்ளை.

அறிக்கை பொய்யில்லை. காற்றின் வெப்பநிலையை ஆள் உயரத்தில் அளக்கிறார்கள். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, அந்த எண்ணுக்கும் கீழே போய்விடும். ஆகையால் 3 பாகைக்குக் கீழே சொல்லி, இரவு வானமும் தெளிவாக இருந்தால், காலையில் ஐஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உறைவது மரத்தளம், இரும்புப் படி, பாலம். பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்று. அடியில் சூடு தர மண் இல்லை.

கறுப்பு ஐஸ் உண்மையில் கறுப்பில்லை. கண்ணாடி போன்ற மெல்லிய படலம், அதற்குள்ளால் தார் தெரிகிறது. காரில் போகும்போது ஓர் அடையாளம்: தெரு ஈரமாகத் தெரிகிறது, ஆனால் முன்னால் போகும் வண்டியின் சில்லிலிருந்து தண்ணீர் தெறிக்கவில்லை. அப்போது பிரேக்கைத் தொடாமல் காலை மெல்ல எடுங்கள். வண்டி இழுத்தால் போகவேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், மோதப்போகும் மரத்தைப் பார்க்க வேண்டாம். வின்டர் டயர் இன்னும் மாட்டாதவர்களுக்கு: 7 பாகைக்குக் கீழே ஓல்-சீசன் ரப்பர் இறுகத் தொடங்கும். ஸ்னோவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

டிசம்பர் 9

உப்பு.

உப்பு ஐஸைச் சுடுவதில்லை. ஐஸின் மேல் இருக்கும் மெல்லிய ஈரத்தில் கரைந்து உவர்நீராகி, அது உறையும் பாகையைக் கீழே இறக்குகிறது. குளிர் கூடக் கூட அதே உப்பு செய்யும் வேலை குறையும். ஒரு கிலோ கல்லுப்பு மைனஸ் 1இல் ஏறக்குறைய 46 கிலோ ஐஸை உருக்கும். மைனஸ் 7இல் 8 கிலோ சொச்சம், மைனஸ் 12இல் 5 கிலோ. அதற்கு எடுக்கும் நேரமும் நீளும். மைனஸ் 10க்குக் கீழே சாதாரண உப்பைக் கொட்டுவது காசைக் கொட்டுவது. அந்தக் குளிருக்குக் கல்சியம் குளோரைட் வேண்டும். மைனஸ் 25 வரை அது வேலை செய்யும், விலை மட்டும் கூட. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடும் என்பதால் மூடி இறுகும் வாளியில் வையுங்கள். கையுறை இல்லாமல் அள்ள வேண்டாம்.

அளவு: ஒரு காப்பிக் கோப்பை, அதாவது 350 கிராம் அளவு, 6 மீற்றர் நீள ட்ரைவ்வேக்குப் போதும். நம் ஆட்கள் கோழிக்குத் தீனி எறிவதுபோல் ஒரே இடத்தில் குவிப்பார்கள். உப்பு மணிகளுக்கு இடையே மூன்று விரல் இடைவெளி இருந்தால் ஒவ்வொரு மணியும் தன்னைச் சுற்றி ஓட்டை போடும். அந்த ஓட்டைகள் அடியில் ஒன்றோடொன்று சேரும்போது ஐஸ் தரையை விட்டுக் கழரும். 20 நிமிடம் பொறுத்து இரும்புச் சுரண்டியால் தள்ளினால் தகடு தகடாக வரும். முழு ஐஸையும் உப்பே கரைக்கட்டும் என்று விட்டால் வாளி காலியாகும், ஐஸ் இருக்கும்.

ஸ்னோவின் மேல் உப்புப் போடுவது இன்னொரு வீண்வேலை. முதலில் தள்ளுங்கள், பிறகு போடுங்கள். ஊற்றி ஒரு வருடம் ஆகாத கொங்கிறீற்றில் உப்பே வேண்டாம், மேல்தோல் செதில் செதிலாக உரியும். அங்கே மணல்.

டிசம்பர் 22

உறைமழை எச்சரிக்கை.

மேலே ஒரு சூடான காற்றடுக்கு. அதற்குள் விழும் ஸ்னோ மழையாகிறது. நிலத்தை ஒட்டி மைனஸில் ஒரு மெல்லிய அடுக்கு. துளி அதற்குள் வரும்போது திரும்ப உறைய நேரம் போதாது. பூச்சியத்துக்குக் கீழேயும் தண்ணீராகவே வந்து, பட்ட இடத்தில் உறைகிறது: படி, கைபிடி, கம்பி, கார்க்கதவு. 2013இல் இதே நாட்களில் ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. 1998 ஜனவரியில் கியூபெக்கிலும் கிழக்கு ஒன்ராறியோவிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயர்மின் கோபுரங்கள் சரிந்தன.

மழை தொடங்குமுன் படியிலும் நடைபாதையிலும் மெல்லியதாக உப்புத் தூவுங்கள். உருக்குவதற்காக அல்ல, ஐஸ் தரையோடு ஒட்டாமல் இருக்க. தொடங்கிய பின் வெளியே போகாமல் இருப்பதை விட நல்ல வழி கிடையாது. போயே ஆகவேண்டுமென்றால் நடைபாதையை விட்டுப் புல்லில் நடங்கள். உறைந்த புல் காலடியில் நொறுங்கும், அந்த நொறுங்கல்தான் பிடிமானம்.

கரண்ட் போனால் கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம், கராஜுக்குள்ளும் வேண்டாம். 2013இல் பலர் நஞ்சுப்புகைக்கு ஆளானது அப்படித்தான். மணமும் நிறமும் இல்லாத கார்பன் மொனொக்சைட், தலைவலியாகத் தொடங்கும். அறுந்த மின்கம்பியிலிருந்து 10 மீற்றர் தள்ளி நில்லுங்கள்.

ஜனவரி 14

தைப்பொங்கல். மைனஸ் 4, பின்னேரம் சிறு தூறல் ஸ்னோ.

விழாநாளுக்கென்று தனி ஆபத்து இருக்கிறது: சேலைக்கும் வேட்டிக்கும் பொருத்தமாகச் செருப்பு. காரிலிருந்து மண்டப வாசல் 50 அடிதானே என்ற எண்ணம். அந்த 50 அடிதான் நாள் முழுக்கக் கார் சில்லுகள் மிதித்துப் பளபளப்பாக்கிய ஐஸ். பூட்ஸோடு வாருங்கள், செருப்பைப் பையில் கொண்டுவந்து உள்ளே மாற்றுங்கள். சேலைக் கரையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கோட்டுக்குள் செருகிவிட்டால் அடுத்த காலடி எங்கே விழுகிறது என்று தெரியும்.

கோயில் வாசல் இன்னும் மோசம். நூறு பேர் பூட்ஸ் கழற்றிய இடத்தில் ஸ்னோ உருகி டைல்ஸில் குளமாக நிற்கும். சப்பாத்து மாற்றும்போது ஒரு காலில் நிற்க வேண்டாம், கதிரையில் உட்காருங்கள். நனைந்த காலுறையோடு திரும்ப வெளியே போனால் கால்விரல்தான் முதலில் விறைக்கும். பையில் இன்னொரு சோடி காலுறை.

காரிலிருந்து இறங்கும் கணத்தில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள், ஒரு காலை முழுப் பாரத்தோடு எங்கோ ஊன்றுவதால். இரண்டு காலையும் வெளியே வைத்து, கதவுச் சட்டத்தைப் பிடித்து, நேராக எழும்புங்கள். பிறகு பென்குயின் நடை: பாதம் சற்று வெளிப்பக்கம், அடி குட்டை, முழங்கால் கொஞ்சம் மடிந்து, பாரம் முன்காலுக்கு மேல். குதியை முதலில் ஊன்றினால் கால் முன்னால் ஓடும். கை பொக்கற்றுக்குள் வேண்டாம். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை இதை ஒரு நாள் வீட்டுக்குள் நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள், வெட்கம் முதல் நாளோடு போய்விடும்.

ஜனவரி 20

மைனஸ் 22, காற்றோடு சேர்ந்து மைனஸ் 33. காற்றுக்குளிர் மைனஸ் 28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையலாம். மூக்கு நுனி, காதுமடல், கன்னம் வெளுத்து மரத்துப்போனால் உள்ளே வாருங்கள். உறைந்த விரல்களைத் தேய்க்க வேண்டாம், ஹீட்டரில் காட்ட வேண்டாம். 37 முதல் 39 பாகை வெந்நீரில் வைத்து, மருத்துவரிடம் போங்கள்.

வழுக்கலைப் பொறுத்தவரை இன்று நல்ல நாள். இந்தக் குளிரில் ஐஸின் மேலே தண்ணீர்ப் படலம் மிக மெல்லிசு, ரப்பர் பிடிக்கும். வேண்டுமானால் மணல் போதும்.

ஜனவரி 27

20 சென்ரிமீற்றர் ஸ்னோ. 5 மீற்றர் அகலம், 6 மீற்றர் நீளம் உள்ள ட்ரைவ்வேயில் இது 6 கனமீற்றர். பஞ்சு ஸ்னோ என்றால் 600 கிலோ வரும், ஈர ஸ்னோ என்றால் 2 தொன்னை நெருங்கும். நாற்பது தாண்டி, உடற்பயிற்சி இல்லாமல், காலை எழும்பியதும் வெறும் வயிற்றில் கோப்பியோடு இதைத் தூக்கி எறிவது இதயத்தோடு பந்தயம் கட்டுவது. தூக்காதீர்கள், தள்ளுங்கள். விழ விழ 7, 8 சென்ரிமீற்றருக்கு ஒரு தடவை தள்ளினால் உடம்பு தாங்கும். ஷவலில் சமையல் எண்ணெய் தடவினால் ஸ்னோ ஒட்டாது. நெஞ்சிலோ தாடையிலோ இடது கையிலோ இறுக்கம் வந்தால் ஷவலைப் போட்டுவிட்டு 911 அவசர எண்ணை அழையுங்கள்.

ட்ரைவ்வேக்கு முன் வீட்டுச் சுவரைப் பாருங்கள். சூடாக்கியின் இரண்டு வெள்ளைக் குழாய்கள் பக்கச் சுவரால் வெளியே வந்தால், ஸ்னோ அவற்றை மூடியிருக்கலாம். மூடினால் சூடாக்கி நிற்கும், இல்லையேல் புகை உள்ளே திரும்பும்.

நகரசபை வண்டி வாசலில் விட்டுப்போகும் ஸ்னோ வரம்பை நாளைக்கு என்று வைக்காதீர்கள். நாளைக்கு அது கல்.

பெப்ரவரி 4

விழத்தான் போகிறோம் என்று தெரிந்த அரைக்கணத்தில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். கையில் இருப்பதை விடுங்கள். நாடியை நெஞ்சோடு ஒட்டுங்கள், பின்மண்டை தப்பும். கையை நீட்டி ஊன்றாமல் பக்கவாட்டில் தொடையும் தோளும் படுமாறு உருளுங்கள். மணிக்கட்டு உடைவது பெரும்பாலும் நீட்டிய கையால்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும். ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பெலும்பு முறிவு என்று எண்ணுங்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள். கோட்டோ போர்வையோ போர்த்தி, நிலக்குளிர் ஏறாமல் தலைக்கடியிலும் ஏதாவது வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை அருகில் இருங்கள்.

விழுந்த இடத்தை யாராவது உப்புப் போடுமுன் படம் எடுங்கள், சப்பாத்தின் அடியையும் சேர்த்து. ஒன்ராறியோவில் தனியார் இடமென்றால் 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும், 2021 ஜனவரி 29 முதல் இதுதான் சட்டம். நகரசபையின் நடைபாதை என்றால் 10 நாட்கள்தான். காயம் ஆறட்டும், பிறகு பார்ப்போம் என்று இருப்பவர்களுக்கு அந்தப் 10 நாள் கட்டிலிலேயே போய்விடும்.

பெப்ரவரி 20

பகல் 4, இரவு மைனஸ் 6. இந்தப் பனிக்காலத்தில் மிகக் கவனம் வேண்டிய நாள் இதுதான், மைனஸ் 22 அல்ல. பகலில் உருகியது இரவில் கண்ணாடியாகிறது. அதன் மேல் காலையில் ஒரு சென்ரிமீற்றர் ஸ்னோ விழுந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலில் அதே இடத்தில் ஐஸ் வருகிறதென்றால் அண்ணாந்து பாருங்கள். ரொறன்ரோவில் கூரைப் பீலியின் இறக்கக் குழாயை நிலத்தடி வடிகாலிலிருந்து துண்டிக்க வேண்டும் என்ற விதி 2011 முதல் 2016 வரை கட்டம் கட்டமாக வந்தது. வெள்ளத்துக்கு அது நல்லது. ஆனால் குழாயின் வாய் இப்போது முற்றத்தில், பல வீடுகளில் நேரே நடைபாதையில். 2 மீற்றர் நீட்டுக்குழாய் போட்டுப் புல்பக்கம் திருப்பிவிட்டால் மாதக்கணக்கான உப்பு மிச்சம்.

இன்று செய்யவேண்டியது பின்னேரம் 4 மணிக்கு. உருகிய தண்ணீரை அது தண்ணீராக இருக்கும்போதே தும்புத்தடியால் கூட்டித் தள்ளிவிடுங்கள். இருக்கும் வழிகளில் செலவில்லாதது இது.

பெப்ரவரி 21

காலை 6.30. கூட்டிய பக்கம் காய்ந்திருக்கிறது. கூட்டாத பக்கத்துக்கு அரைக் கோப்பை உப்பு.

மார்ச் 12

படியோரம் கிடக்கும் உப்பைத் தும்புத்தடியால் கூட்டி அள்ளுங்கள். முதல் மழையில் அது வடிகாலுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் போகும். போன உப்பை வடிகட்டி எடுக்க வழி இல்லை. அள்ளியதைக் காயவைத்து வாளியில் போட்டால் திரும்பப் பாவிக்கலாம். பூட்ஸின் வெள்ளைக் கோட்டை வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். வாளியைப் பேஸ்மென்டுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டாம், கராஜ் வாசலோரமே இருக்கட்டும். ஏப்ரலிலும் இரவில் பூச்சியத்துக்குக் கீழே போகும்.