கொலுப் பெட்டிக்குள் சுண்டல்

14 அக்டோபர் 2024, திங்கள்

நாளை கனமழை என்று சொல்லிவிட்டதால் சாயங்காலத்திலிருந்தே வேளச்சேரியில் எல்லோரும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். 2015-லும் போன டிசம்பரிலும் பட்ட பாடு இங்கே யாருக்கும் மறக்கவில்லை. கீழ்வீட்டு அண்ணனும் காரை எடுக்க வந்தார். சாவியைப் போடப் போகும்போது பானெட்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல். நல்லவேளை, ஸ்டார்ட் செய்யவில்லை. மழைக்காலத்தில் பூனைக்குட்டிகள் எஞ்சின் சூட்டைத் தேடி உள்ளே ஏறிவிடும். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வண்டியை எடுங்கள் என்று இனிமேல் எல்லோரிடமும் சொல்லப்போகிறேன்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று வெளியே எடுக்க. சாம்பல் நிறத்தில் கறுப்பு வரி, உள்ளங்கை அளவு உடம்பு, முழுக்க கிரீஸ். தாய்ப்பூனையைத் தெருமுனை வரை தேடினோம், காணவில்லை. கையில் பிடித்ததும் கட்டைவிரலில் கடித்துவிட்டது. ரத்தம் வந்தது. குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவினேன். ராத்திரியே அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபிஸுக்கான முதல் ஊசியும் போட்டாயிற்று. அடுத்தது 17, அப்புறம் 21, கடைசி நவம்பர் 11. குட்டியைப் பத்து நாள் கவனித்து வரச் சொன்னார்கள். பச்சைக்குட்டிதானே என்று இதை யாரும் விட்டுவிடக் கூடாது.

அம்மாவுக்கு விருப்பமில்லை. "மழை விடுற வரைக்கும்தான்" என்றாள். சரி என்றேன்.

15 அக்டோபர், செவ்வாய்

விடாத மழை. குட்டியைப் பின்பக்கத்துச் சின்ன அறையில் விட்டிருக்கிறேன். கொலுவை நேற்று முன்தினம்தான் எடுத்தோம். பொம்மைகளைக் கட்டும் வேலை பாதியில் நிற்க, காலி அட்டைப்பெட்டிகள் அங்கேயே கிடந்தன. செட்டியார் பொம்மையின் பெட்டி பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அதன் அடி மூலைக்குள் போய் ஒடுங்கியதுதான், நாள் முழுக்க வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்தால் காதைத் தலையோடு ஒட்ட வைத்துக்கொண்டு சீறுகிறது. அவ்வளவு சின்ன வாயிலிருந்து அவ்வளவு பெரிய சீறல்.

வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் ஒரு ஓரமாக வைத்தேன். மூத்திரம் போக அகலமான பிளாஸ்டிக் தட்டில் பேப்பரைக் கிழித்துப் போட்டு, சாப்பாட்டுக்கு எதிர் மூலையில் வைத்தேன். அம்மா ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து கதவருகே வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள்.

16 அக்டோபர், புதன்

இன்று நான் செய்தது தப்பு. எதிர்வீட்டுச் சிறுமி பார்க்க வந்தாள். அவள் ஆசைக்காகப் பெட்டிக்குள் கையை விட்டு, துண்டோடு சேர்த்துக் குட்டியை வெளியே எடுத்தேன். உடம்பெல்லாம் நடுங்கிற்று. துண்டிலேயே மூத்திரம் போனது. விட்டவுடன் பீரோவுக்கு அடியில் ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. ராத்திரி பத்து மணி வரை சாப்பாட்டைத் தொடவில்லை. இத்தனை சின்னக் குட்டி ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து என்று தெரிந்ததால் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வயிற்றுப்போக்கும் இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லை போல.

ஒளியும் இடம் அதற்குக் கோட்டை. அதற்குள்ளேயே கை வரும் என்று நான் காட்டிக்கொடுத்துவிட்டேன். இனி அதுவாக வரும் வரை அந்தப் பெட்டிக்குள் என் கை போகாது.

17 அக்டோபர், வியாழன்

விடிகாலை மூன்றரைக்குப் பார்த்தபோது சாப்பாட்டுத் தட்டு காலி. அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது ஊசி போட்டாயிற்று.

18 அக்டோபர், வெள்ளி

அறைக்குள் போனால் தரையில் படுத்துவிடுகிறேன். நின்றுகொண்டு இருந்தால் நான் அதன் கண்ணுக்கு ஒரு பனைமரம். உற்றுப் பார்ப்பதும் இல்லை. பூனைக்கு நேர்ப்பார்வை என்றால் மிரட்டல். கண்ணைப் பாதி மூடி, மெதுவாக முழுதும் மூடி, மெதுவாகத் திறக்கிறேன். இப்படிச் செய்தபின் கையை நீட்டினால், முன்பின் தெரியாதவரிடம்கூடப் பூனைகள் வர வாய்ப்பு அதிகம் என்று சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020-இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கையை நீட்டும் கட்டத்துக்கு நான் இன்னும் வரவில்லை. இருபது நிமிடம் கண்ணை மூடித் திறந்தேன். அது பெட்டி வாசலில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் அதுவும் ஒரு தடவை மூடித் திறந்தது. தூக்கக் கலக்கமாகக்கூட இருக்கலாம். எனக்கு அது போதும்.

19 அக்டோபர், சனி

டாக்டரிடம் போனோம். பிடித்துக் கூடையில் போடும் கஷ்டம் வேண்டாம் என்று, பெட்டியின் வாயைத் துணியால் மூடிப் பெட்டியோடு தூக்கிப் போனேன். எடை 540 கிராம். பல்லைப் பார்த்து ஆறு வாரம் இருக்கும் என்றார். பெண்குட்டி. கண்ணின் நீலம் இனி மெல்ல மாறும் என்றார். பசும்பாலில் உள்ள லாக்டோஸ் செரிக்காமல்தான் வயிற்றுப்போக்கு, பாலை நிறுத்துங்கள், தண்ணீர் போதும் என்றார். குடற்புழு மருந்து கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுத்துவிட்டு, அப்போதே முதல் தடுப்பூசி. அதற்குப் பிறகு மூன்று நாலு வாரத்தில் இன்னொன்று, மூன்று மாதம் ஆனதும் ரேபிஸ் ஊசி.

சாப்பாட்டு விஷயம்தான் சிக்கல். எங்கள் வீடு சைவம். தயிர்சாதத்தில் பூனை வளராது. பூனைக்கு டாரின் என்ற சத்து கட்டாயம் வேண்டும், அது இயற்கையாக இறைச்சி, மீன் போன்றவற்றிலிருந்துதான் கிடைக்கும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அது வயித்துக்கு எது விதிச்சிருக்கோ அதைக் குடு. அடுக்களைக்குள்ள மட்டும் கொண்டுவராதே" என்றாள். குட்டிகளுக்கான பாக்கெட் உணவைப் பால்கனியில் வைத்துப் பிரிக்கிறேன். அதற்கென்று தனித் தட்டு, தனி ஸ்பூன், கழுவ வெளிக்குழாய்.

21 அக்டோபர், திங்கள்

மூன்றாவது ஊசிக்குப் போய்த் திரும்பினால் அறையெல்லாம் பினாயில் வாசம். வேலைக்கு வரும் அக்கா எப்போதும்போல் துடைத்திருக்கிறார். அவருக்குச் சொல்லாதது என் பிழை. பீனால் கலந்த எதையும் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஈரத்தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே விஷம் உள்ளே போய்விடும். குட்டி பெட்டிக்குள்ளேயே இருந்ததால் தப்பித்தது. வெறும் தண்ணீரால் மூன்று முறை துடைத்தோம். இனிமேல் அந்த அறைக்குச் சோப்புத் தண்ணீர்தான். பீரோவில் போட்டிருந்த அந்துருண்டைகளையும் எடுத்துவிட்டேன். கீழே சிந்திய ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும் என்பதும் இந்த வாரம்தான் தெரிந்தது. அம்மாவின் மாத்திரை டப்பாவுக்கு இப்போது இறுக்கமான மூடி.

23 அக்டோபர், புதன்

நான் ஆபீஸ் போனபின் பகலெல்லாம் அம்மா அந்த அறையில்தான் இருக்கிறாள் என்று இன்று தெரிந்தது. அரைநாள் லீவில் சீக்கிரம் வந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. தரையில் காலை நீட்டிப் பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்போதும் வாய்விட்டுத்தான் படிக்க வரும். தங்கம் விலை, நினைவஞ்சலி, வானிலை, ஒன்றும் பாக்கியில்லை. குட்டி பெட்டிக்கு வெளியே, இரண்டடி தள்ளி, நாலு காலையும் உள்ளே மடக்கி உட்கார்ந்திருந்தது. எனக்கு ஒன்பது நாளில் கிடைக்காத இரண்டடி.

அம்மா குட்டியைப் பார்க்கவே இல்லை. கூப்பிடவும் இல்லை. பயந்த பூனைக்கு அதைவிட நல்ல ஆள் கிடையாது. ஒரே குரல், ஒரே இடம், ஒரே நேரம், அதனிடமிருந்து எதையும் கேட்காத ஒருத்தி.

"தனியா கெடந்தா பயப்படாதா ஏட்டி, குழந்தைதானே" என்றாள். பாளையங்கோட்டைப் பேச்சு அவளுக்கு மனம் இளகும்போதுதான் வரும்.

24 அக்டோபர், வியாழன்

கடித்துப் பத்து நாள் ஆகிவிட்டது. குட்டி நன்றாக இருக்கிறது. அம்மா அதைச் சுண்டல் என்று கூப்பிடுகிறாள். கொலுவுக்குப் பின்னாலேயே வந்ததாம்.

26 அக்டோபர், சனி

என் விரலை மோந்து பார்த்தது! பென்சில் நுனியில் ஒரு துளி உணவைத் தடவி நீட்டினேன், நக்கியது. அடுத்து என் விரலில். அப்புறம் கன்னத்தை விரலில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓடிப் போயிற்று. தன் வாசனையை என்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறது.

தீபாவளிக்கு ஐந்து நாள்தான். சாப்பிடும் நேரத்தில் போனில் வெடிச்சத்தத்தை மிக மெதுவாக ஓடவிடுகிறேன். தினம் ஒரு புள்ளி கூட்ட வேண்டும். காது திரும்பினால் அந்த அளவிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

31 அக்டோபர், வியாழன், தீபாவளி

வெடிக்க அனுமதி காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எங்கள் தெருவில் விடிவதற்கு முன்பே தொடங்கியது. முதல் சரவெடிக்கே சுண்டல் பெட்டிக்குள் போய்விட்டது. போனில் பழக்கியது சின்ன வெடிகளுக்கு உதவியது. சரத்துக்கும் அணுகுண்டுக்கும் ஒன்றும் செய்யவில்லை. ஐந்து நாள் போதாது, முதல் வாரமே தொடங்கியிருக்கலாம்.

சன்னலுக்குக் கம்பளி, பெட்டிமேல் போர்வை, மின்விசிறி முழு வேகத்தில். நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அம்மா கங்கா ஸ்நானம் முடித்து, புதுப்புடவையோடு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேப்பரைப் படித்து முடித்து, பழைய பேப்பரையும் எடுத்துப் படித்தாள். சாயங்காலமும் அப்படியே. வீட்டுக்கு வந்தவர்களிடம் பட்சணத்தை நான்தான் கொடுத்தேன்.

இரவு பதினொன்றரை. தெரு அடங்கிற்று. பெட்டியிலிருந்து முதலில் மீசை, அப்புறம் மூக்கு. நேரே அம்மாவின் மடிக்குப் போய், முன்னங்கால் இரண்டாலும் புதுப்புடவையைப் பிசையத் தொடங்கியது. பட்டில் நூல் இழுபட்டது. தொண்டைக்குள்ளிருந்து கர்ர் என்று ஒரு சத்தம், மோட்டார் ஓடுவதுபோல். அதை இன்றுதான் முதல்முறை கேட்கிறோம். அம்மா அசையவில்லை. கையைக்கூட மேலே வைக்கவில்லை. என்னைப் பார்த்து, விளக்கை அணை என்று கண்ணால் சொன்னாள்.

2 நவம்பர், சனி

எடை 750 கிராம். குடற்புழு மருந்து இரண்டாம் தடவை, முதல் தடுப்பூசி. கண்ணில் நீலம் போய்ப் பச்சை ஏறுகிறது.

5 நவம்பர், செவ்வாய்

அறைக்கதவைத் திறந்து வைத்தோம். அது எங்கே போகிறதோ போகட்டும். நாலு அடி ஹாலுக்குள் வரும், ஏதாவது சத்தம் கேட்டால் பெட்டிக்கு ஓடும். மறுபடி ஆறு அடி. குக்கர் விசில் மட்டும் இன்னும் ஆகவில்லை. அம்மா விசில் வரப்போகும் நேரம் பார்த்து "சுண்டல், விசில் வருது" என்று முன்கூட்டியே சொல்கிறாள்.

11 நவம்பர், திங்கள்

கடைசி ஊசி. என் கட்டைவிரலில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மிச்சம்.

திரும்பி வந்தபோது சுண்டல் அம்மாவின் கட்டிலில், நடுவாக, வயிற்றைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளாக அங்கேதான் தூக்கம். பெட்டிப் பக்கம் போவதில்லை.

சாயங்காலம் அம்மா அந்தப் பெட்டியைத் துடைத்து வெயில் பட்ட இடத்தில் ஆறவைத்திருந்தாள். ஒரு மாதமாகப் பழைய புடவைக்குள் காத்திருந்த செட்டியாரையும் செட்டியாரம்மாவையும் வைக்கோல் போட்டு அதில் படுக்கவைத்தோம். மூலையில் சாம்பல் நிற முடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. "அது இருக்கட்டும்" என்றாள் அம்மா. மூடிக் கயிறு கட்டிப் பரணில் ஏற்றினேன். கயிற்று நுனி தொங்கியது. கீழே யாரோ அதைப் பிடித்து இழுத்தார்கள்.