கன்னத்துப் பொட்டும் டிசம்பர் வெளிச்சமும்

மகள் பிறந்த 17ஆம் நாள், நாங்கள் காத்திருந்த படங்கள் மின்னஞ்சலில் வந்து சேர்ந்தன. நாங்கள் வாழும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துப் புகைப்பட நிலையம் ஒன்றில் அவளுடைய 10ஆம் நாளன்று எடுத்தவை அவை. முதல் இரண்டு வாரங்களுக்குள் எடுத்தால்தான் பிள்ளைகள் வயிற்றுக்குள் கிடந்ததுபோலச் சுருண்டு அயர்ந்து தூங்குவார்கள் என்று சொன்னதால், தையல் வலியோடு படியேறிப் போயிருந்தேன். படங்கள் அழகாகவே இருந்தன. ஆனால் அவளுடைய இடது கன்னத்தில் நான் வைத்துவிட்ட மைப்பொட்டைக் காணவில்லை. உள்ளங்காலில் வைத்திருந்த பொட்டும் இல்லை.

படங்களை அம்மாவுக்கு அனுப்பினேன். குமரி மாவட்டத்தில் எங்கள் ஊரான தக்கலையில் நள்ளிரவு நெருங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் உடனே அழைப்பு வந்தது. "பிள்ளைக்க கன்னத்துல பொட்டு எங்க மக்களே?" என்பதுதான் முதல் கேள்வி. பிள்ளை யார் சாயல் என்ற பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த மை கடையில் வாங்கியதன்று. கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்திய துணியைத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே கவிழ்த்த பாத்திரத்தில் படிந்த கரியை வழித்தெடுத்து அம்மா குழைத்தது. மார்த்தாண்டத்திலிருந்து வந்த தோழி ஒருத்தி மைச்சிமிழை, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய்ப் புட்டியோடு சேர்த்துத் துணியில் பொதிந்து கொண்டுவந்து தந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்த செவிலி, கடைக் கண்மைகள் சிலவற்றில் ஈயம் இருக்கும், எந்த மையானாலும் கண்ணுக்குள் தீட்ட வேண்டாம் என்று அன்போடு எச்சரித்தார். அது நியாயம் என்பதால் கண்ணைத் தொடவே இல்லை. கன்னத்திலும் காலிலும் மட்டும் கண்ணேறு படாமலிருக்க ஒவ்வொரு பொட்டு.

நிலையத்துக்கு எழுதிக் கேட்டேன். பிறந்த குழந்தையின் தோல் உரிவதையும் சிவந்த திட்டுகளையும் கணினியில் துடைத்துச் சீராக்குவது தங்கள் வழக்கம் என்றும், கன்னத்தில் இருந்ததை அழுக்கென்று எண்ணி நீக்கிவிட்டதாகவும், திருத்தாத படங்களை யாருக்கும் தருவதில்லை என்றும் மன்னிப்போடு பதில் வந்தது. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்தப் பதிலைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இதே ஊர் மருத்துவமனையில், மகளின் இடுப்புக்குக் கீழே இருந்த நீலத் தடத்தை, பின்னாளில் எவரும் அடிபட்ட காயமென்று தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, அவளுடைய சிவப்பு அட்டைச் சுகாதாரப் புத்தகத்தில் படம் வரைந்து குறித்துத் தந்தார்கள். பிறவியில் வந்த ஒரு தடத்துக்கு அத்தனை கவனம் கிடைத்த ஊரில், என் கையால் வைத்த பொட்டு அழுக்காகிப் போனது.

தக்கலையில் எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் 1991இல் எடுத்த என் படம் ஒன்று தொங்குகிறது. குப்புற விழத் தொடங்கிய பிறகே பிள்ளையைப் படமெடுக்கலாம் என்பது பாட்டி வைத்த சட்டம் என்பதால், அதற்கு முந்தைய என் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று எந்தச் சான்றும் இல்லை. ஐந்து மாதம் கழிந்ததும் பேருந்தில் நாகர்கோவிலுக்குத் தூக்கிப் போய், வடசேரிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில், அரையில் அரைஞாணைத் தவிர வேறொன்றும் இல்லாமல் கவிழ்த்துப் போட்டு எடுத்த படம் அது. கன்னத்துப் பொட்டு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு இருக்கும். பொட்டு கலைந்துவிட்டதென்று ஸ்டுடியோக்காரரே மைச்சிமிழை வாங்கி மறுபடி வைத்துவிட்டாராம். இந்தக் கதையை அம்மா சொல்லும்போதெல்லாம் சிரிப்பேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை.

வீட்டிலேயே எடுப்பதென்று முடிவு செய்தோம். நவம்பர் 24இல் பிறந்தவளுக்கு 28 கட்டு, அதாவது 28ஆம் நாளில் அரைக்கயிறு கட்டிப் பேர் சொல்லும் சடங்கு, டிசம்பர் 21இல் வந்தது. ஆண்டிலேயே பகல் மிகக் குறுகிய நாள் அது. லீட்ஸில் எட்டேகால் மணிக்குப் பிறகே விடிந்து, நான்கு மணிக்குள் இருட்டிவிடும். ஊரில் ஐப்பசி மழை அடைத்துப் பெய்யும் நாளில்கூடத் திண்ணையில் இதைவிட வெளிச்சம் இருக்கும்.

முன்னைய ஒரு வாரம் ஒத்திகையில் கழிந்தது. முதலில் அலைபேசியில் எடுத்துப் பார்த்தேன். அதிலும் முகத்தை மெருகூட்டும் அமைப்பு ஒன்று தானாகவே இயங்கி, கன்னத்தை மெழுகி, பொட்டின் விளிம்பைக் கரைத்திருந்தது. அதைத் தேடிப்பிடித்து அணைத்தேன். பிறகு கணவரின் பழைய கேமராவையும் 50 மில்லிமீட்டர் லென்ஸையும் எடுத்துக்கொண்டோம். விளக்குகள் எரிந்தால் மஞ்சள் ஒளியும் சன்னலின் நீல ஒளியும் கலந்து பிள்ளையின் நிறமே மாறிவிடுகிறது. ஆகவே எல்லா விளக்குகளையும் அணைத்து, கட்டிலைச் சன்னலோரம் இழுத்துப் போட்டு, ஒளி தலைமாட்டிலிருந்து சரிந்து முகத்தில் இறங்கும்படி கிடத்தி, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை விரிப்பைக் கணவர் பிடித்துக்கொள்ள, நிழல் விழுந்த கன்னமும் மெல்லத் தெளிந்தது. அம்மாவின் கசவு நேரியலில், அதாவது பொன்னிறக் கரை போட்ட வெள்ளை மேல்துணியில், கிடத்தியபோது வேறொரு சிக்கல்: வெள்ளைத் துணி அதிகமாக இருந்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமென்று கணக்கிட்டு எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடுகிறது. கேமராவில் ஒளி அளவை ஒரு படி கூட்டி வைத்ததும் துணி வெள்ளையாகவும் முகம் முகமாகவும் வந்தன. பிஞ்சுக் கை ஓயாமல் அசைவதால் நொடியின் 200இல் ஒரு பங்குக்கு வேகத்தை வைத்தேன். ஃபிளாஷை ஒருமுறைகூடப் போடவில்லை.

தாடையைக் கைகளில் தாங்கிப் படுத்திருப்பதுபோன்ற படத்தை மட்டும் முயலவில்லை. அது ஒருவர் தலையையும் பிறகு கையையும் பிடித்திருக்க இரண்டு முறை எடுத்து ஒட்டுவது. பிள்ளை ஒருபோதும் தனியாக அப்படி இருப்பதில்லை.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது. பனியில் வழுக்காமல் நடக்கிறேன், யாரும் கேட்காமலே வானிலையைப் பற்றிப் பேசுகிறேன், தொலைபேசியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன். இருந்தும் 28ஆம் நாள் காலையில் பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் நிரப்பும்போது, கமுகம்பாளை நினைவுக்கு வந்துவிட்டது. தம்பி பிறந்தபோது கிணற்றடியில் பாட்டி காலை நீட்டி அமர்ந்து, உருக்கெண்ணெய் தேய்த்த பிள்ளையைப் பாளையில் கிடத்தி, வெதுவெதுப்பான நீரை ஊற்றுவார். அவன் வீறிடுவான், பக்கத்து வீட்டு அக்காமார் வேலியோரம் நின்று அவனுக்குப் பதிலாகப் பாட்டியைச் செல்லமாகத் திட்டுவார்கள். எங்கள் குளியலறையில் வெப்பமூட்டியின் முனகல் மட்டும் கேட்டது. அந்த எண்ணெய் வாசம் பரவியபோது பிள்ளையைவிட முதலில் நான் அழுதேன்.

காணொளி அழைப்பில் அம்மாவும் அப்பாவும் பார்த்திருக்க, ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் கணவர் மூன்று முறை பேர் சொன்னார். அரையில் கறுப்புக் கயிறு கட்டினோம். பால் குடித்து அவள் கண் சொருகிய பதினொன்றரை மணிக்கு மேகம் சற்று விலகியது. வெளிச்சம் அரை மணி நேரம் நின்றது. 114 படங்கள் எடுத்தேன். அவற்றில் ஒன்றில், 20, 30 சென்டிமீட்டருக்கு அப்பால் எதுவும் தெளிவாகத் தெரியாத அந்தக் கண்கள், குனிந்திருந்த என் முகத்தை நோக்கி விரிந்திருக்கின்றன. மூக்கோரம் தோல் உரிந்திருக்கிறது. நெற்றியில் சிவப்புத் திட்டு இருக்கிறது. பொட்டு, வைத்த இடத்தில் இருக்கிறது. நான் எதையும் துடைக்கவில்லை.

மறுநாள் அப்பா அந்தப் படத்தை அச்செடுக்கத் தக்கலைக் கடைக்குப் போனார். வெளியே அமருங்கள், அரை மணியில் தருகிறோம் என்று அங்குள்ள பையன் சொன்னானாம். அப்பா அமரவில்லையாம். கணினித் திரையில் கன்னத்தைப் பெரிதாக்கியதும், "தம்பி, அந்தப் பொட்டு பிள்ளைக்குள்ளதுதான், தொடாத" என்று சொல்லி, படம் இயந்திரத்தைவிட்டு வெளியே வரும்வரை அவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.