தக்காளி விலை சரிந்தால் யாருக்கு மகிழ்ச்சி?

‘தக்காளி விலை சரிவு: இல்லத்தரசிகள் மகிழ்ச்சி’. டீக்கடையில் இந்தத் தலைப்பை வாய்விட்டுப் படித்த அப்பா, அப்படியே பேப்பரை மடித்து வைத்துவிட்டார். அந்த வாரம்தான் பாலக்கோடு பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தில், பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று பழத்தைச் செடியிலேயே விட்டு ஆடுகளை உள்ளே ஓட்டியிருந்தோம்.

செய்தியில் பொய் எதுவும் இல்லை. விலை சரி, வரத்து அதிகம் என்பதும் சரி. ஆனால் எழுதியவர் காய்கறிக் கடைக்கு முன்னால் நின்று எழுதியிருக்கிறார். ராயக்கோட்டை மண்டியில் நின்று எழுதியிருந்தால் அதே விலைக்கு வேறு தலைப்பு வந்திருக்கும். ஒருதலைப்பட்சம் என்றால் ஏதாவது ஒரு கட்சிக்கு ஜால்ரா அடிப்பது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன், அதைக் கண்டுபிடிப்பது சுலபம். இது அப்படிக் கண்ணில் படாது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். சென்னை ரேஷன் கடைகளில் அரசு 60 ரூபாய்க்கு விற்றது, நல்ல காரியம், கேமராக்களும் அங்கேயே நின்றன. அதற்கு முந்தைய மாதங்களில் விலை விழுந்து, கை சுட்டுக்கொண்ட பலர் நடவைக் குறைத்ததும் அந்த விலையேற்றத்துக்கு ஒரு காரணம். அதை எத்தனை பேர் சொன்னார்கள்? விலை விழுந்தபோதே போய்ப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

விலை ஏறியிருந்த அந்தச் சமயத்தில் ஒரு டிவிக்காரர்கள் எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். நாற்று, கம்பு, சணல், மருந்து, வண்டி வாடகை, கமிஷன் என்று அப்பா ஒவ்வொன்றாகக் கணக்குச் சொன்னார், பத்து நிமிடம் இருக்கும். ராத்திரி குடும்பமே உட்கார்ந்து பார்த்தோம். வந்தது ஒரே வரி: “இந்த வருஷம் நல்ல விலைங்க.” அவர் சொன்னதுதான், ஆனால் அதற்கு முன்னும் பின்னும் சொன்னது எதுவும் இல்லை. அப்பா எழுந்து படுக்கப் போய்விட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதிலிருந்து எந்தச் செய்தியானாலும் யார் பேசுகிறார்கள், யாரைப் பேசவிடவில்லை என்று தேடிப் பார்க்கிறேன். அப்புறம் வினைச்சொல்லைப் பார்க்கிறேன். தேன்கனிக்கோட்டைப் பக்கம் யானை ராகிக் கொல்லைக்குள் வந்தால் ‘அட்டகாசம்’. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்து, இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்றபோது ‘மின்சாரம் தாக்கி பலி’. யானை செய்தால் செய்தது யானை. மனிதர் செய்தால் செய்தது மின்சாரம். பயிர் போனவன் வலி எனக்குத் தெரியும், எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், அதற்காக அந்த வாக்கியம் நியாயமாகிவிடாது.

போன வாரம் மறுபடி ‘விலை சரிவு’ வந்தது. எழுதிய நிருபரின் நம்பரைத் தேடிப் பிடித்து, எங்கள் மண்டிச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். விற்ற தொகை, கமிஷன், இறக்குக்கூலி, கைக்கு வந்தது எல்லாம் அதிலேயே இருக்கிறது. கூடவே, தோட்டத்துக்கு வாங்க என்று வழியும் எழுதியிருக்கிறேன்.