குரூசர் என்ற குதிரையின் ஊரில்

நாங்கள் க்ரோவ்போர்ட்டுக்கு வந்து இறங்கியது ஒரு ஜனவரி மாதம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குத் தென்கிழக்கே உள்ள சிறிய ஊர். ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய கிடங்குகள். அதில் ஒன்றில்தான் கணவருக்கு வேலை. வாசலில் முழங்கால் உயரத்துக்குப் பனி. குளிரைக்கூடச் சமாளித்துவிட்டேன். எட்டு வயது மகள் பள்ளியில் வாயே திறக்காமல் இருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை. பழனியில் அவளைப் பேச்சை நிறுத்தச் சொல்லி டீச்சர் கெஞ்சுவார். இங்கே இரண்டு மாதமாக ஒரு சொல் இல்லை. தினமும் காலையில் பையை மாட்டிவிடும்போது, "இன்னைக்காவது பேசுடி" என்று சொல்லியே அனுப்புவேன். அவள் முகம் இன்னும் சுருங்கும்.

அந்த ஊரில் எங்கு பார்த்தாலும் "குரூசர்ஸ்" என்ற பெயர் கண்ணில் படும். உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணியின் பெயர் அது. பையன்கள் சட்டையில் போட்டுக்கொண்டு திரிவார்கள். ஏதோ போர்க்கப்பலின் பெயர் என்று நினைத்திருந்தேன். எதிர்வீட்டு அம்மாதான் திருத்தினார். எழுபது வயதுக்காரர், ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறார். "அது ஒரு குதிரையின் பெயர்" என்றார். அன்று சாயங்காலம் முழுக்க எனக்குக் கதை சொன்னார். அதற்கப்புறம் நானும் தேடித் தேடிப் படித்தேன்.

ஜான் சாலமன் ரேரி இந்த ஊர்க்காரர், பிறந்தது 1827-ல். சின்ன வயதிலேயே யாருக்கும் அடங்காத குதிரைகளை அவரிடம் கொண்டுவந்து விடுவார்களாம். அடித்து, பட்டினி போட்டு, களைத்து விழும்வரை ஓட்டித்தான் குதிரையைப் பழக்க முடியும் என்று எல்லோரும் நம்பிய காலம். ரேரி சொன்னது வேறு. நாம் கேட்பது புரிந்துவிட்டால் குதிரை எதிர்க்காது. எந்தப் புதுப் பொருளையும் அது தன் வழியில் முகர்ந்து, தொட்டுப் பார்க்க விட்டால், வலி தராத எதற்கும் அது பயப்படாது. இதையெல்லாம் 1856-ல் கொலம்பஸில் ஒரு சின்னப் புத்தகமாகவே அச்சிட்டார். பிறகு இங்கிலாந்து போய், 1858-ல் விக்டோரியா மகாராணி முன்னாலேயே செய்து காட்டினார்.

அங்கேதான் குரூசரைச் சந்தித்தார். ஒரு பிரபுவின் பந்தயக் குதிரை. ஆட்களைக் கடித்துக் குதற வந்ததால், இரும்பு வாய்ப்பூட்டு போட்டு, வருடக்கணக்கில் ஒரே கொட்டடியில் அடைத்து வைத்திருந்தார்கள். யாரும் கிட்டப் போக முடியாது. ரேரி உள்ளே போய் மூன்று மணி நேரத்தில் அதைப் பழக்கினார் என்பது பதிவாகியிருக்கிறது. நாடு திரும்பும்போது குரூசரையும் கப்பலில் ஏற்றிக் க்ரோவ்போர்ட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். 1866-ல் ரேரி இறந்தபோது அவருக்கு வயது 38 தான். அவருக்குப் பிறகும் சில வருடங்கள் குரூசர் இங்கே உயிரோடு இருந்தது. கடல் கடந்து வந்த ஒரு குதிரையின் பெயரை ஒரு ஊர் இன்றும் தன் பிள்ளைகளின் சட்டையில் போட்டுக்கொள்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஏனென்று அப்போது சொல்லத் தெரியவில்லை.

ரேரியின் முறையில் எனக்கு ஒப்பாத பகுதியும் உண்டு. குதிரையின் முன்னங்கால் ஒன்றை மடக்கி வாரால் கட்டி, அது போராடிக் களைத்துத் தரையில் படுக்கும்வரை விட்டுவிடுவார். படுத்த பிறகுதான் உடம்பு முழுக்கத் தடவிக்கொடுப்பார். "அதை நான் செய்ய மாட்டேன். பயத்தில் அடங்குவதும் நம்பி வருவதும் ஒன்றில்லை" என்றார் எதிர்வீட்டு அம்மா. அவர் பின்பற்றுவது நூறு வருடம் கழித்து மேற்கு மாநிலங்களில் வந்த குதிரைப் பயிற்சியாளர்களின் வழி. டாம் டோரன்ஸ், அவர் அண்ணன் பில், அவர்களிடம் கற்றுக்கொண்ட ரே ஹண்ட். தவறான செயலைக் குதிரைக்குக் கடினமாக்கு, சரியானதைச் சுலபமாக்கு என்பது ஹண்ட் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தது. ஆனாலும் சாட்டை ஒன்றுதான் வழி என்றிருந்த காலத்தில் முதலில் கையைத் தாழ்த்தியவர்களில் ஒருவர் என்று ரேரியை நான் மதிக்கிறேன்.

என் தாத்தா பழனியில் ஜட்கா ஓட்டியவர். பேருந்து நிலையத்திலிருந்து அடிவாரம் வரை சவாரி. அவர் கையிலும் சாட்டை இருந்தது. அதன் கம்பைச் சுழலும் சக்கரத்தின் ஆரக்கால்களில் கொடுத்துக் கடகடவென்று ஓசை எழுப்பி ஆட்களை விலக்குவார். குதிரை மேல் அது பட்டு நான் பார்த்ததில்லை. இதைச் சொன்னதும் எதிர்வீட்டு அம்மா, "சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு லாயத்துக்கு வா" என்றார்.

போனோம். பழுப்பு நிறப் பெண் குதிரை ஒன்று நின்றது. அன்றைய பாடம் குடை. மூடிய குடையைத் தரையில் வைத்துவிட்டு அம்மா விலகி நின்றார். குதிரை காதை முன்னால் நிமிர்த்தி, கழுத்தை நீட்டி, பலமாக மூச்சை இழுத்தது. ஒரு அடி வந்தது, இரண்டு அடி பின்னால் போனது. அவர் கயிற்றை இழுக்கவே இல்லை. அது குடையின் பக்கம் சாயும்போதெல்லாம் கயிற்றை இன்னும் தளர்த்தினார். இருபது நிமிடம் இருக்கும். கடைசியில் மூக்கால் குடையைத் தொட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, தலையைத் தாழ்த்தியது. விரித்த குடையைப் பார்த்து நகராமல் நின்றது அடுத்த வாரம்தான்.

என் மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை, பெயர்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது சனிக்கிழமை அவளாகவே உள்ளே போய் நின்றாள். நான் "பேசு" என்று சொல்லி அனுப்புவதை அந்த வாரத்தோடு விட்டுவிட்டேன்.

கொலம்பஸில் இந்தியக் கடையில் கொள்ளு பார்த்ததும் ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன். தாத்தா வேகவைத்துப் போடுவது ஞாபகம் வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மா முதலில் கால்நடை மருத்துவரிடம் கேட்டார். ஒரு கைப்பிடி, நன்றாக வெந்திருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார் மருத்துவர். குக்கரில் குழைய வேகவைத்து, ஆறவைத்து, டப்பாவில் எடுத்துப் போனோம். மகள் கட்டைவிரலை ஒட்டிவைத்து உள்ளங்கையை விரித்து நீட்டினாள். குதிரை முகர்ந்தது. மறுபடி முகர்ந்தது. "வேணுமா வேணாமான்னு அதுவே யோசிக்கட்டும்மா" என்று என்னிடம் தமிழில் சொல்லிவிட்டு, எதிர்வீட்டு அம்மா பக்கம் திரும்பி அதையே ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். கை அசையவில்லை.