ஒரு மைலோ, மூன்று கலவைகள்

அக்கா மகன் சிங்கப்பூரில் செக் ஒன், அதாவது உயர்நிலை ஒன்று படிக்கிறான். போன வாரம் பயிற்சித்தாளை நீட்டி, “மாமா, தே ஓ சொல்யூஷன், தே சஸ்பென்ஷன். கரெக்ட்தானே?” என்றான். தே ஓ பால் ஊற்றாத டீ, தே பால் ஊற்றியது; சொல்யூஷன் கரைசல், சஸ்பென்ஷன் தொங்கல். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பீக்கர் கழுவியே தலை நரைத்தவனிடம் இதைக் கேட்டால் சும்மா விடுவேனா?

தே ஓ கரைசல் என்பது பெரும்பாலும் சரி. சூடாக இருக்கும்போது தெளிவாக இருக்கும். எந்தச் சொட்டை எடுத்தாலும் ஒரே சுவைதான். வடிதாளில் ஊற்றினால் எல்லாம் கீழே இறங்கிவிடும். ஆனால் கடுப்பமாகப் போட்ட தே ஓவை நன்றாக ஆறவிட்டுப் பாருங்கள், லேசாகக் கலங்கும். தேயிலையின் தியாஃப்ளேவினும் கஃபீனும் ஒட்டிக்கொண்டு பெரிய துகள்களாகிவிடுவதுதான் காரணம். சூடாக்கினால் மறுபடி தெளிந்துவிடும்.

பால் ஊற்றிய தே எந்தப் பக்கம்? பார்த்தால் கலங்கல், அதனால் தொங்கல் என்று எழுதிவிட்டான். தொங்கல் என்றால் சாக்பீஸ் தூளைத் தண்ணீரில் கலக்கியதுபோல் சற்று நேரத்தில் அடியில் படிய வேண்டும், வடிதாளில் தங்கவும் வேண்டும். பால் அந்த இரண்டையுமே செய்வதில்லை. வடிதாளுக்குக் கீழேயும் வெள்ளையாகத்தான் சொட்டும். இது கூழ்மம். அவன் தாளில் அதற்குக் கட்டமே இல்லை. கலவைகளிலேயே சுவாரசியமான பகுதியை விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஒரே எரிச்சல்.

கண்ணை நம்பிக் கலவையைப் பிரிக்கக் கூடாது. துகள் எவ்வளவு பெரியது என்றுதான் முதலில் கேட்க வேண்டும். ஏறத்தாழ 1 நானோமீட்டருக்குக் கீழே இருந்தால் கரைசல். 1 முதல் 1000 வரை கூழ்மம். அதற்கு மேல் தொங்கல். எல்லைக்கோடு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதில் சண்டை வேண்டாம். கூழ்மத்தைத் தனியாகப் பிரித்து 1861இல் அதற்குக் ‘கொலாய்ட்’ என்று ஆங்கிலப் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்து வேதியியலாளர் தாமஸ் கிரஹாம். சர்க்கரையும் உப்பும் மெல்லிய சவ்வைத் தாண்டிப் போவதையும், பசையும் ஜெலட்டினும் தங்கிவிடுவதையும் அவர் கவனித்திருந்தார்.

வீட்டிலேயே சோதிக்கலாம். கறுப்பு அட்டையில் சின்ன ஓட்டை போட்டு, கைப்பேசி விளக்கின் மேல் வையுங்கள். அறை இருட்டாக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையின் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சினால் உள்ளே ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று சொட்டு பால் விட்ட தண்ணீரில் ஒளி கோடாகத் தெரியும், லேசான நீலத்துடன். இதற்குப் பெயர் டிண்டால் விளைவு. துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான். பையன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

வந்ததும் அடுத்த கேள்வி: “மைலோ?”

நல்ல கேள்வி, ஏனென்றால் அந்தக் கொக்கோப் பானத்தில் மூன்றும் இருக்கிறது. சர்க்கரை கரைந்துவிடும். பால்புரதமும் கொழுப்பும் கூழ்மமாக மிதக்கும். கொக்கோத் துகள் மெல்ல அடியில் இறங்கும். கடைசி மடக்கில் நாக்கில் மாவாகத் தட்டுப்படுவது அதுதான். குளிர்ந்த மைலோவின் மேல் இன்னும் தூளைக் கொட்டித் தரும் மைலோ டைனோசரில், அந்தத் தூளை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது இன்னும் கலக்கவே ஆரம்பிக்கவில்லை.

2003இல் இங்கே அறிமுகமான நியூவாட்டர் என்ற மறுசுழற்சி நீரும் இந்த அளவுக் கணக்கில்தான் ஓடுகிறது. சுத்திகரித்த கழிவுநீரை முதலில் நுண்வடிகட்டிச் சவ்வில் விடுகிறார்கள். தொங்கும் துகளும் பாக்டீரியாவும் அங்கேயே நின்றுவிடும். கரைந்த உப்புக்கு அந்த ஓட்டை பெரிய வாசல், தாராளமாக நுழைந்துவிடும். அதனால் அடுத்து, உப்பையும் தடுக்கும் சவ்வு வழியே அழுத்தம் கொடுத்துத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள், இதுதான் எதிர்ச் சவ்வூடுபரவல். கடைசியில் புற ஊதாக் கதிர். கடல்நீரைக் குடிநீராக்க வெறும் வடிகட்டி போதாது என்பதும் இதே காரணத்தால்தான்.

காற்றிலும் கூழ்மம் உண்டு. 2013 ஜூன் 21 அன்று காற்று மாசுக் குறியீடான பிஎஸ்ஐ 401ஐத் தொட்டதே, அந்தப் புகைமூட்டம் அப்படிப்பட்டதுதான். சுமத்ராவிலிருந்து வந்த புகையின் துகள்களில் பெரும்பாலானவை மிகப் பொடியானவை. கீழே படிய மாட்டேன் என்று நாள்கணக்கில் மிதந்தன. சூரியன் சிவந்து தெரிந்ததற்கும் அவைதான் காரணம்.

திடப்பொருளிலும் கரைசல் உண்டா என்று கேட்டான். உண்டு, சிராங்கூன் சாலை முழுக்க விற்கிறார்கள் என்றேன். நைன் ஒன் சிக்ஸ் தங்கத்தில் 91.6 விழுக்காடு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. அணு அணுவாகக் கலந்திருப்பதால் எங்கே சுரண்டினாலும் ஒரே சேர்மானம்.

“அப்போ அம்மா செயினும் மிக்ஸ்சரா?”

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது: “செய்கூலி, சேதாரம் எல்லாம் கொடுத்து வாங்கினது. கலவை கிலவைன்னு சொன்னே, ரெண்டு பேருக்கும் சாப்பாடு கிடையாது!”